தாளில் இல்லாத மூன்றாவது வரி: புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். என் அப்பா முப்பத்தோரு ஆண்டுகள் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இரவு வண்டியில் கண் அசராமல் இருப்பதற்காக வெற்றிலையோடு புகையிலையும் போடத் தொடங்கினார். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. இடது கன்னத்தின் உட்புறம் ஆறாத புண் ஒன்று வந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் என்று தெரிந்தது. கட்டியையும் தாடையில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். பிறகு கரண்டு வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் ரேடியேஷனுக்கு அதுதான் பெயர். கூடவே கீமோவும் போனது. எட்டு மாதம் நன்றாக இருந்தார். ஒன்பதாம் மாதம் கழுத்தில் மறுபடி நெறி கட்டியது.

நாங்கள் போன பெரிய தனியார் மருத்துவமனையில் மருத்துவர் பொறுமையாகத்தான் பேசினார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதினார். முதல் வரியில் கீமோவும், நம் உடலின் எதிர்ப்பணுக்களையே புற்றுநோய்மீது ஏவும் இம்யூனோதெரபி ஊசியும். பக்கத்தில் ஒரு தவணைக்கு ஆகும் தொகை. அது எங்கள் வீட்டின் ஓராண்டு வருமானத்துக்குச் சற்றே குறைவு. இரண்டாவது வரியில் வலி நிவாரணம் மட்டும். "யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். அப்பா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. வள்ளியூர் தாண்டும்போது, "வீட்டை விற்கிற பேச்சை யாரும் எடுக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தாளில் மூன்றாவதாக ஒரு வரி இருந்திருக்க வேண்டும்: குறைந்த அளவு ஊசியும் மாத்திரையும் சேர்ந்த முறை. அந்த வரி அப்போது இந்த நாட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. எங்களுக்குத்தான் அது வந்து சேரவில்லை. ஆறு வாரம் கழித்து, அப்பாவின் பழைய சக ஊழியரின் மகள், ஒரு செவிலியர், போனில் சொல்லித்தான் தெரிந்தது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் 2022-இல் ஒரு ஆய்வின் முடிவை உலகத்தின் முன் வைத்தார்கள். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 151 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூன்று மாத்திரைகள் மட்டும்: வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்ஸேட், தினமும் இரு வேளை செலிகாக்சிப், தினமும் ஒரு எர்லோடினிப். இன்னொரு குழுவுக்கு அதே மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி, வெறும் 20 மில்லிகிராம். ஓராண்டு முடிவில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16.3 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். ஊசியும் சேர்த்து எடுத்தவர்களில் 43.4 சதவீதத்தினர் இருந்தார்கள். கடுமையான பக்கவிளைவுகள் ஊசி போட்டவர்களுக்கு அதிகமாகவில்லை.

நான் கணக்கு வாத்தியார் என்பதால் இந்த 20 மில்லிகிராமில் நின்றுவிட்டேன். நிவோலுமாபின் வழக்கமான அளவுகளில் ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 240 மில்லிகிராம். அப்படியானால் ஆறு வாரத்துக்கு 720. மும்பை முறையில் ஆறு வாரத்துக்கு 40. பதினெட்டில் ஒரு பங்கு! என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி விடை எழுதியிருந்தால் "மறுபடி போட்டுப் பார்" என்றிருப்பேன். நானும் நான்கு முறை போட்டுப் பார்த்தேன்.

இவ்வளவு குறைந்த மருந்து எப்படி வேலை செய்யும் என்று, பிறகு எங்களுக்குக் கிடைத்த இளம் மருத்துவரிடம் கேட்டேன். நம் ரத்தத்தில் இருக்கும் டி அணுக்களுக்கு பிடி-1 என்ற ஒரு பிரேக் உண்டு; புற்றுநோய் அந்தப் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்கிறது; இந்த ஊசி அந்தக் காலை எடுத்துவிடுகிறது என்று அவர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். இப்படிப்பட்ட பிரேக்குகளை விடுவித்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்க வழி காட்டியதற்காகத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. தொடக்க கால ஆய்வுகளிலேயே, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவாகக் கொடுத்தபோதே ரத்தத்தில் இருக்கும் டி அணுக்களின் பிரேக்குகளில் பெரும்பகுதியை மருந்து பற்றிக்கொண்டது தெரிந்திருந்தது. அளவைப் பல மடங்கு கூட்டியபோது அந்தப் பிடிப்பு அதற்கேற்பக் கூடவில்லை. அறுபது கிலோ ஆளுக்கு 20 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு மூன்றில் ஒரு மில்லிகிராம்.

"அப்போ எதுக்குக் கூட மாத்திரை?" என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. பிரேக்கை விட்டால் மட்டும் வண்டி நகராது, இன்ஜினும் ஓட வேண்டும் என்று மருத்துவர் அதே உவமையைத் தொடர்ந்தார். சிறிய அளவில் விடாமல் கொடுக்கப்படும் மாத்திரைகள் கட்டிக்குப் போகும் புதிய ரத்தக் குழாய்களைத் தடுக்கின்றன. சாகும் புற்றணுக்கள் உடைந்து, அவற்றின் துண்டுகள் டி அணுக்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. கட்டியைச் சுற்றி நின்று நம் காவலர்களையே அமைதிப்படுத்தும் அணுக்களும் குறைகின்றன. இந்த முறைக்கு மெட்ரோனோமிக் என்று பெயர். தாளக்கருவியின் பெயரிலிருந்து வந்த சொல். பெரிய அடி ஒன்று அடித்துவிட்டு மூன்று வாரம் ஓய்வு விடுகிற கீமோ போலன்றி, தாளம் தப்பாமல் சிறு சிறு தட்டுகள்.

மருத்துவர்களே, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாது. சேர்த்துக் கொடுப்பது ஏன் என்று யாரும் சொல்லாததால், எங்களைப் போன்றவர்கள் இம்யூனோதெரபியைத் தனியாக வரும் ஒரு விலையுயர்ந்த அதிசய ஊசியாக நினைத்துக்கொள்கிறோம். அந்த வெறுமையில் வேறு பலர் நுழைந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர்களில் மூன்று பேர் நோயெதிர்ப்புச் சக்தி கூட்டும் பொடி என்று ஏதேதோ கொண்டுவந்தார்கள். அன்போடுதான் கொண்டுவந்தார்கள். இம்யூனோதெரபி என்பதும் அதுதானே என்பது அவர்கள் எண்ணம். இரண்டும் வேறு வேறு என்பதை நான் விளக்க முடிந்தது ஒரு மருத்துவர் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியதால்தான்.

சேர்ப்பது என்றால் எதையும் எதனோடும் எந்த வரிசையிலும் சேர்ப்பது அல்ல என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதே தலை, கழுத்துப் புற்றுநோயில் ரேடியேஷனும் கீமோவும் நடந்துகொண்டிருக்கும்போதே அவெலுமாப் என்ற ஊசியையும் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று பலன் தரவில்லை. 697 பேர் பங்கேற்ற அதன் முடிவு 2021-இல் வெளியானது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பெம்ப்ரோலிசுமாபை அறுவை சிகிச்சைக்கு முன்பே இரண்டு தவணை கொடுத்து, பின்னும் தொடர்ந்தபோது நோய் திரும்பாத காலம் நீண்டது. 2025 ஜூனில் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. நுரையீரலில் கதை வேறு. அங்கே கீமோவும் ரேடியேஷனும் முடிந்த பிறகு துர்வாலுமாப் என்ற இதே வகை ஊசியைத் தொடர்ந்தவர்களில் ஐந்தாண்டு கடந்தவர்கள் 42.9 சதவீதம், தொடராதவர்களில் 33.4. முன்பா, கூடவா, பின்பா என்பதில் ஓர் ஆயுள் இருக்கிறது. காசு இருக்கிறவர் கேட்டார் என்பதற்காக எந்தக் கட்டத்திலும் ஓர் ஊசியைச் சேர்த்துவிடுவதும், காசு இல்லாதவர் என்பதால் பொருத்தமான சேர்க்கையைச் சொல்லாமல் விடுவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள் என்று நான் நினைக்கிறேன்.

மும்பை ஆய்வின் எல்லைகளையும் மறைக்க விரும்பவில்லை. அது ஒரே மருத்துவமனையில் நடந்தது. குறைந்த அளவை முழு அளவோடு நேருக்கு நேர் அது ஒப்பிடவில்லை, மாத்திரையோடுதான் ஒப்பிட்டது. ஊசி போட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டைத் தாண்டவில்லை. முழு அளவு வாங்க முடிந்தவருக்கு முழு அளவே இன்றைய வழிகாட்டுதல் என்றால் அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் முழு அளவு வாங்க முடியாதவருக்கு முன்னால் இருந்த தேர்வு எது? ஒன்றுமில்லை என்பதும் இந்தக் குறைந்த அளவு வழியும்தான். ஒன்றுமில்லை என்பதோடு ஒப்பிட்டால் விடை தெளிவாக இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் இதே திசையில் நடந்திருக்கிறார்கள். ஹார்மோன் மருந்துகள் பலிக்காத ட்ரிபிள் நெகட்டிவ் வகை மார்பகப் புற்றுநோயில், அறுவை சிகிச்சைக்கு முந்தைய கீமோவோடு பெம்ப்ரோலிசுமாபை ஆறு வாரத்துக்கு 50 மில்லிகிராம் மட்டும் சேர்த்துப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சையின்போது கட்டியில் உயிருள்ள புற்றணுவே மிஞ்சாதவர்கள் கீமோ மட்டும் பெற்றவர்களில் 40.5 சதவீதமாக இருக்க, ஊசியும் பெற்றவர்களில் 53.8 சதவீதமாக உயர்ந்தார்கள். 2025-இல் வெளிவந்த முடிவு இது. நம் மருத்துவர்கள், நம் நோயாளிகளை வைத்து, நம் பைக்கு ஏற்ற கேள்வியைக் கேட்டுக் கண்டுபிடித்த விடைகள் இவை. இவற்றை நம் ஊர் ஓ.பி. அறைக்குள் கொண்டுவர வெளிநாட்டு அனுமதி எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி குப்பியைப் பற்றி.

நிவோலுமாபின் சிறிய குப்பி 40 மில்லிகிராம். அப்பாவுக்குத் தேவை 20. மருந்தில் கெடாமல் காக்கும் பதப்பொருள் எதுவும் கிடையாது. திறந்த குப்பியை மூன்று வாரம் எடுத்து வைக்க முடியாது. "இன்னொரு நோயாளி கிடைத்தால் செலவு பாதியாகும், ஒரு வாரம் பொறுக்க முடியுமா?" என்று அந்த இளம் மருத்துவர் கேட்டார். ஐந்தாம் நாள் தூத்துக்குடியிலிருந்து ஓர் அம்மா வந்தார். உப்பளத்தில் வேலை பார்த்தவர், நாக்கில் புற்றுநோய். பேச்சு குழறும், பாதியைக் கையால் சொல்வார். ஒரு வியாழக்கிழமை காலை இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, ஒரே குப்பியிலிருந்து எடுத்த மருந்தை இரண்டு சலைன் பைகளில் கலந்து ஏற்றினார்கள். அரை மணி நேரம். அப்பா அவரைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் அப்பாவுக்கு அண்ணாச்சி என்று சொல்ல முயன்றால் "அண்ணா" வரைக்கும்தான் வரும்.

அதன் பிறகு எங்கள் இரண்டு வீடும் ஒரு குப்பியால் கட்டப்பட்டன. புதன்கிழமை இரவு அவருடைய மகன் எனக்கு போன் செய்வான். "அக்கா, நாளைக்கு வாறீங்கல்லா?" இந்த ஒரு கேள்விக்கு இருந்த கனத்தை நான் எப்படி எழுதுவேன்! ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் இருவருக்கும் ஊசி இல்லை. ஐந்தாவது தவணையின்போது அவருக்கு ரத்த அணுக்கள் குறைந்திருந்தன; பத்து நாள் தள்ளிப்போட்டார்கள். முழுக் குப்பியையும் நாங்களே வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். "தங்கச்சி வரட்டும்" என்றார் அப்பா. அவர் சிக்கனத்துக்காகச் சொன்னாரா, வேறு எதற்காகவா என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை அப்பாவுக்காக அவர்கள் நான்கு நாள் காத்திருந்தார்கள்.

இரண்டு குடும்பங்கள் போனில் பேசி நடத்த வேண்டிய காரியமா இது? ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் அரசு மருத்துவக் கல்லூரியிலோ அதைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளிலோ இந்த ஊசி தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று மட்டும் குறைந்த அளவு இம்யூனோதெரபி என்று வைத்தால், நான்கு பேர் வந்தால் இரண்டு குப்பி, பத்துப் பேர் வந்தால் ஐந்து. ஒருவர் வரவில்லையென்றால் இன்னொருவர் அந்த இடத்தில் உட்காருவார். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. மருந்தைச் சுத்தமாகக் கலக்கும் அறையும், பயிற்சி பெற்ற செவிலியரும், ஒரு பதிவேடும் போதும். மருந்து வாங்கும் அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் இது: குறைந்த அளவு முறைக்கென்று சிறிய குப்பிகளை மொத்தமாக வாங்குங்கள். தேசியப் புற்றுநோய் வலையமைப்பு மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து பேரம் பேசி மருந்து வாங்குகிற வழி ஏற்கெனவே இருக்கிறது.

நிவோலுமாபின் இந்தியக் காப்புரிமைக் காலத்தின் எல்லை 2026 மே மாதம். உள்நாட்டு ஒத்த மருந்துகள் வர வர விலை இறங்கும். பிறகு இந்தப் பாதிக் குப்பிப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். விலை பாதியானாலும், கால்வாசியானாலும், 720 மில்லிகிராமின் விலையை ஆறு வாரத்துக்கு ஒரு முறை புரட்ட முடியாத வீடுகள் நம்மிடம் ஏராளம். விலை இறங்க இறங்கக் குறைந்த அளவு இன்னும் அதிகம் பேரைச் சென்றடையும். அரசு தன் பணத்தில் கொடுக்கும்போது ஒருவருக்குச் செலவிடுவதில் பல பேரைக் காக்கலாம்.

இன்னொன்று. இதை எழுதும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நான்காவது மாதம் அப்பா சோர்ந்து போனார். நாற்காலியில் உட்கார்ந்தால் எழ மாட்டார், குளிர்கிறது என்பார், முகம் ஊதியிருந்தது. பக்கத்து கிளினிக்கில் காட்டினோம். கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் "நோய் முற்றிவிட்டது, இனி இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அம்மா அன்றிரவு பூஜை அறையிலேயே படுத்துக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை இளம் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். பிரேக் விடுபட்ட டி அணுக்கள் சில சமயம் தைராய்டையும் தாக்கும். கழுத்தில் ரேடியேஷன் வாங்கியவர்களுக்கு அந்தச் சுரப்பி ஏற்கெனவே பலவீனமாகவும் இருக்கும். தினமும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. ஐந்து வாரத்தில் அப்பா தெருமுனைக் கடைக்கு நடந்து போய் பேப்பர் வாங்கி வந்தார்.

தைராய்டு என்பதால் பிழைத்தோம். இதே ஊசி குடலைத் தாக்கினால் அது சாதாரண வயிற்றுப்போக்கு போலத் தெரியும். நுரையீரலைத் தாக்கினால் நிமோனியா போல இருக்கும். அபூர்வமாக இதயத்தையும் தாக்கும். உடனே ஸ்டீராய்டு தொடங்க வேண்டிய நேரத்தில் வேறு மருந்து போய்க்கொண்டிருக்கும். ஊசியை நிறுத்திப் பல மாதம் கழித்துக்கூட இது வரலாம். குறைந்த அளவென்பதால் இந்த ஆபத்து இல்லாமல் போவதில்லை. ஆகவே ஊசி போடும் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் தமிழில் அச்சிட்ட ஓர் அட்டை இருக்க வேண்டும்: இவருக்கு இன்ன ஊசி, இன்ன தேதியிலிருந்து, இந்த அறிகுறி கண்டால் இந்த எண்ணுக்கு அழையுங்கள். 108 ஆம்புலன்ஸில் வருகிறவரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு டியூட்டியில் இருக்கும் பயிற்சி மருத்துவரும் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி இருக்க வேண்டும்.

மாத்திரைக்கும் தமிழில் சீட்டு வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டியது. தவறித் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எங்கள் மருந்துச் சீட்டில் அது ஆங்கிலத்தில் ஒரு சுருக்கெழுத்தாக இருந்தது. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் தினசரி காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாள்களை எல்லாம் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் சிவப்புப் பேனாவால் ஆறு வட்டம் போட்டு வைத்தேன். ஆறு வட்டம், ஆறு மாத்திரை. தாளைக் கிழிக்கும்போது வட்டம் தெரிந்தால் மட்டும் கொடுக்க வேண்டும். மகள் கூட இல்லாத வீடுகளில் யார் வட்டம் போடுவார்கள்?

நீங்கள் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஓ.பி. வாசலில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றவள் நான். இருபது நிமிடம் எல்லோருக்கும் ஒதுக்க முடியாது. ஆனால் அந்தத் தாளில் ஒரு வரி கூடுதலாக எழுத முடியும். "முழு அளவு முடியாவிட்டால் குறைந்த அளவு ஊசியும் மாத்திரையும் சேர்ந்த முறை ஒன்று இருக்கிறது, உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்கலாம்." இவ்வளவுதான். பொருந்தாது என்றால் பொருந்தாது என்றே சொல்லுங்கள், அதையும் ஏற்றுக்கொள்வோம். எங்கள் பையைப் பார்த்து நீங்களே முடிவு செய்து, அந்த வரியை எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

அப்பா பதினான்கு மாதம் இருந்தார். அதில் பதினொரு மாதம் சோற்றைக் குழைத்து வாயால் சாப்பிட்டார். என் தங்கையின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார். பேரனுக்குப் பழைய டிக்கெட் பையைத் தோளில் மாட்டிவிட்டு விசில் ஊதக் கற்றுக்கொடுத்தார். கடைசி மூன்று மாதம் நோய் முந்திக்கொண்டது. ஊசியை நிறுத்திவிட்டு வலிக்கு மார்பின் கொடுத்தார்கள். வீட்டில், அம்மாவின் மடியில் போனார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து அந்த அம்மா மகனோடு வந்திருந்தார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார், வரவில்லை. மகன்தான் சொன்னான். அவருடைய ஸ்கேன் நன்றாக இருக்கிறதாம், கட்டி வளரவில்லையாம். ஊசியைத் தொடரச் சொல்லியிருக்கிறார்களாம். அப்பா நிறுத்தியதிலிருந்து முழுக் குப்பியையும் அவர்களே வாங்குகிறார்கள். மீதிப் பாதி ஒவ்வொரு முறையும் வீணாகிறது. இன்னும் இரண்டு தவணைக்குத்தான் பணம் இருக்கிறது, வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள் அக்கா என்றான்.

நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் உங்களிடம் வரும் நோயாளிகளில் நிச்சயம் ஒருவர் இருப்பார். தூத்துக்குடி அம்மாவின் அடுத்த தவணை வருகிற வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு.

அன்புடனும் மரியாதையுடனும்,
கண்டக்டரின் மூத்த மகள்,
திருநெல்வேலி